பெங்காசி காப்பாற்றப்பட்ட பிறகு: லிபியா 2011, விவாதிக்கப்படாத ஒரு முடிவு

வேறொரு நாட்டில் நடக்கும் போரில் வெளிநாடுகள் தலையிடலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் லிபியாவையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். தலையிடாமல் இருந்திருந்தால் கிழக்கு லிபிய நகரமான பெங்காசி, 1995-ல் படுகொலை நடந்த போஸ்னிய ஊரான ஸ்ரெப்ரெனிட்சாவைப் போல ஆகியிருக்கும் என்கிறது ஒரு தரப்பு. தலையிட்டதால்தான் ஒரு நாடே சிதறிப்போனது என்கிறது மற்றது. இரண்டு வாதங்களுமே 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் நடந்த வாக்கெடுப்பை மையமாகக் கொண்டவை. அந்த வாக்கெடுப்பு முக்கியமானதுதான். ஆனால் லிபியாவின் போக்கைத் தீர்மானித்தது அதற்கு அடுத்த நான்கு வாரங்களுக்குள், எந்த அவையின் முன்பும் வைக்கப்படாமல் எடுக்கப்பட்ட வேறொரு முடிவு என்பதே நிகழ்வுகளை வரிசையாகப் படித்தபின் எனக்குத் தோன்றுகிறது. முதல் முடிவுக்கு இருந்த நியாயம் இரண்டாவதற்கு இருந்ததா என்ற கேள்வியைத் தனியாக எழுப்பாதவரை, லிபியாவைப் பற்றிய வாதம் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மார்ச் 17 வரை

1969-ல் ராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்த முஅம்மர் கடாஃபி, 2011 தொடக்கத்தில் தமது ஆட்சியின் நாற்பத்திரண்டாம் ஆண்டில் இருந்தார். ஜனவரி 14-ல் துனிசியாவின் பென் அலியும், பிப்ரவரி 11-ல் எகிப்தின் ஹோஸ்னி முபாரக்கும் பதவியிழந்தார்கள். மேற்கிலும் கிழக்கிலும் இருந்த இரு அண்டை நாடுகளில் கிளம்பிய அலை லிபியாவை எட்டியது பிப்ரவரி 15-ல். 1996-ல் திரிபோலியின் அபு சலீம் சிறையில் ஏறத்தாழ 1,200 கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் கூறிவந்த சம்பவத்தில், இறந்தோரின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் பெங்காசியில் கைது செய்யப்பட்டதே உடனடிக் காரணம். ஒரு வாரத்துக்குள் பெங்காசி அரசின் கையைவிட்டுப் போனது. நீதியமைச்சராக இருந்த முஸ்தஃபா அப்துல் ஜலீல் பதவி விலகி, பின்னர் கிளர்ச்சியாளர்களின் தலைமை அமைப்பான இடைக்காலத் தேசியக் கவுன்சிலின் தலைவரானார். ஐ.நா.வில் இருந்த லிபியத் தூதர்களே தங்கள் அரசுக்கு எதிராகப் பேசினார்கள். பிப்ரவரி 22 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய கடாஃபி, எதிர்ப்பாளர்களை எலிகள் என்று வசைபாடி, வீடு வீடாக, சந்து சந்தாகத் தேடி ஒழிப்பதாக முழங்கினார்.

பிப்ரவரி 26 அன்று பாதுகாப்பு கவுன்சில் 1970-ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆயுதத் தடை, சொத்து முடக்கம், பயணத் தடை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற விசாரணை ஆகிய நான்கும் அதில் இருந்தன, இந்தியாவும் ஆதரித்தது. இவற்றில் எதுவும் பலன் தருவதற்குள், அதாவது மூன்று வாரங்களுக்குள், கடாஃபியின் படைகள் கிழக்கு நோக்கித் திரும்பி, பெங்காசிக்குத் தெற்கே உள்ள அஜ்தாபியா வரை வந்துவிட்டன. பெங்காசி ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நகரம்.

அவையில் நடந்த வாதம்

பிரான்ஸும் பிரிட்டனும் தலையீட்டை முன்னின்று கேட்டன. மார்ச் 10 அன்றே இடைக்காலக் கவுன்சிலை அங்கீகரித்த நிக்கோலா சர்கோஸியின் அரசு, துனிசியப் புரட்சியின்போது பென் அலியின் பக்கம் சாய்ந்திருந்ததற்காகப் பட்ட அவமானத்தைத் துடைக்கவும் விரும்பியது என்பது மறைவான செய்தி அன்று. அமெரிக்க அரசுக்குள் கருத்து பிளவுபட்டிருந்தது. ஆசியாவுக்கோ மத்தியக் கிழக்குக்கோ ஆப்பிரிக்காவுக்கோ மீண்டும் பெரும் தரைப்படையை அனுப்பும்படி அதிபருக்கு யோசனை சொல்லும் பாதுகாப்பு அமைச்சரின் மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பிப்ரவரி இறுதியில் வெளிப்படையாகவே பேசிய அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் தலையீட்டை எதிர்த்தார். ருவாண்டாவில் 1994-ல் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோது கைகட்டி நின்றதன் நினைவைச் சுமந்தவர்கள் தலையீட்டை ஆதரித்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் கடைசியில் அவர்களுடன் சேர்ந்தார். மார்ச் 12 அன்று அரபு லீக் லிபியாவின் மேல் விமானங்கள் பறக்கத் தடை விதிக்கும்படி கோரியதுதான் தராசைச் சாய்த்தது எனலாம். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆப்பிரிக்க ஒன்றியம் எவ்வகை அந்நிய ராணுவத் தலையீடும் கூடாது என்று முடிவெடுத்திருந்தது. அதற்கு அந்த அளவு மதிப்புக் கிடைக்கவில்லை.

மார்ச் 17 அன்று 1973-ஆம் எண் தீர்மானம் பத்து வாக்குகளுடன், எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில், இந்தியா ஆகிய ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, காபோன் என்று கவுன்சிலில் இருந்த மூன்று ஆப்பிரிக்க நாடுகளும், தங்கள் ஒன்றியத்தின் முடிவையும் மீறி, ஆதரித்தே வாக்களித்தன. தீர்மானத்தின் நான்காம் பத்தி, தாக்குதல் அபாயத்தில் இருக்கும் பொதுமக்களையும் அவர்கள் வாழும் பகுதிகளையும் காக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளையும்' எடுக்க உறுப்பு நாடுகளுக்கு அதிகாரம் அளித்தது. பெங்காசியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்நிய ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் லிபிய மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றும் சொன்னது. இந்த அதிகாரம் எப்போது முடிவடையும் என்று எங்கும் சொல்லவில்லை.

இந்தியாவின் நிலைப்பாட்டைத் தமிழ் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்போது கவுன்சிலின் நிரந்தரமல்லாத உறுப்பினராக இருந்த இந்தியாவின் சார்பில் பேசிய மஞ்சீவ் சிங் பூரி, களநிலவரம் பற்றிய நம்பகமான தகவல் மிகக் குறைவாக இருக்கும்போதே இவ்வளவு தூரம் செல்லும் நடவடிக்கைகளுக்கு அனுமதி தரப்படுகிறது என்றும், ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புத் தூதர் அளிக்க வேண்டிய அறிக்கை இன்னும் வந்துசேரவில்லை என்றும் குறைகூறினார். நடவடிக்கைகளை யார், எப்படி நிறைவேற்றுவார்கள் என்பதில் தெளிவில்லை என்ற அவரது ஆட்சேபம் பின்னால் நடந்தவற்றோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. லிபியாவில் வேலை பார்த்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்திலும் கப்பலிலும் ஏற்றி மீட்கும் பணியை டெல்லி அப்போதுதான் முடித்திருந்தது. ஆகவே அந்த நாட்டைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் குறை இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒரு நாடு, அதைத் திருத்தும் ஒரு வாசகத்தையாவது முன்மொழிந்து வலியுறுத்தியிருக்கலாம். ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு வருந்துவது இந்திய வெளியுறவுக் கொள்கைக்குப் பழகிப்போன ஓர் ஆசனம்.

அபாயம் மிகைப்படுத்தப்பட்டதா?

தலையீட்டை எதிர்ப்போர் அதிகம் மேற்கோள் காட்டுவது, 2016 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு வெளியிட்ட அறிக்கையை. பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டதையும், கிளர்ச்சியாளர்களிடையே இஸ்லாமியத் தீவிரவாதக் குழுக்கள் கணிசமாக இருந்ததையும் கேமரூன் அரசு கண்டறியத் தவறியது என்று அக்குழு முடிவு கூறியது. மார்ச் 17 அன்று வானொலியில் இரக்கமே காட்டமாட்டோம் என்று எச்சரித்த அதே கடாஃபி, அஜ்தாபியாவிலும் பிற ஊர்களிலும் இருந்தவர்கள் செய்ததுபோல் ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்றும் பெங்காசிக்காரர்களிடம் சொன்னார் என்பதை அது சுட்டிக்காட்டியது.

இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து ஆவணங்களைப் பரப்பிவைத்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் தெளிவு, அபு சலீமில் என்ன நடந்ததென்று அறிந்தவர்களுக்கும், பீரங்கி வண்டிகள் நகரின் விளிம்பை எட்டுவதைப் பார்த்தவர்களுக்கும் கிடைத்திருக்காது. மார்ச் 18 அன்று லிபிய வெளியுறவு அமைச்சர் மூசா கூசா போர்நிறுத்தம் அறிவித்தார்; அடுத்த நாள் காலை அரசுப் படைகள் பெங்காசியின் புறநகரில் நின்று தாக்கிக்கொண்டிருந்தன. அன்று மாலை பிரெஞ்சுப் போர் விமானங்கள் அந்தக் கவசவண்டிகளைத் தகர்த்தன. ஒரு படுகொலை நடந்தே தீர்ந்திருக்கும் என்று நிரூபிக்க முடியாது. நடந்திருக்காது என்றும் நிரூபிக்க முடியாது. அந்த நிச்சயமின்மையை ஆறு லட்சம் பேரின் தலையில் கட்டுவதைவிட, கவசவண்டிகளைத் தடுத்து நிறுத்துவதே சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதையும் அதே மூச்சில் கேட்டாக வேண்டும்.

வாக்குக்கு வராத முடிவு

மார்ச் 19 அன்றே இன்னொரு கூட்டமும் நடந்தது. பாரிஸில் சர்கோஸி தலைமையில் தலையீட்டு நாடுகள் கூடியபோது, மொரிட்டானியாவின் தலைநகர் நுவாக்‌ஷாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சமரசக் குழு கூடி, மறுநாள் திரிபோலிக்குப் பறக்க அனுமதி கேட்டது. குண்டுவீச்சு தொடங்கிவிட்டதால் அனுமதி மறுக்கப்பட்டது. மார்ச் 26-ல் கிளர்ச்சியாளர்கள் விமானத் தாக்குதலின் துணையோடு அஜ்தாபியாவை மீட்டார்கள். பெங்காசி மீதான உடனடி அபாயம் அத்துடன் விலகியது. மார்ச் 28 அன்று ஒபாமா, ராணுவப் பணியை ஆட்சி மாற்றம் வரை விரிப்பது தவறாகிவிடும் என்று இராக்கை நினைவூட்டிப் பேசினார். மார்ச் 31-ல் நடவடிக்கை முழுவதும் நேட்டோவின் பொறுப்புக்கு வந்தது.

ஏப்ரல் 10-ல்தான் சமரசக் குழுவால் திரிபோலிக்குச் செல்ல முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜேக்கப் ஜூமா, மாலியின் அமடூ துமானி தூரே உள்ளிட்ட தலைவர்கள் கொண்டுபோன திட்டத்தில் உடனடிப் போர்நிறுத்தம், நிவாரணப் பொருட்களுக்கு வழி, இருதரப்புப் பேச்சு, இடைக்கால ஏற்பாடு ஆகியவை இருந்தன. கடாஃபி ஒப்புக்கொண்டதாக ஜூமா அறிவித்தார். மறுநாள் பெங்காசியில் இடைக்காலக் கவுன்சில் அதை நிராகரித்தது. கடாஃபியும் அவர் மகன்களும் வெளியேறுவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நிராகரிப்பில் தவறு காண முடியாது, ஏனெனில் கடாஃபியின் வாக்குறுதி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சமயத்திலும் மேற்கே மிஸ்ராதா முற்றுகையில் இருந்தது. குடியிருப்புகள் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. நேட்டோவைத் தொடரச் சொன்னவர்களின் மிக வலுவான வாதமும் மிஸ்ராதாதான், அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி அதுவல்ல. கிளர்ச்சியாளர்களால் நிராகரிக்க முடிந்தது, வானம் அவர்கள் பக்கம் இருந்ததால். அந்த வானத்தை வைத்திருந்த நாடுகள், போர்நிறுத்தத்தை இரு தரப்பும் ஏற்றால்தான் தாக்குதல் ஆதரவு தொடரும் என்று நிபந்தனை வைக்கலாமா, அல்லது ஒரு தரப்பு வெல்லும்வரை பறக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவு ஏப்ரல் 15 அன்று ஒரு செய்தித்தாள் கட்டுரையாக வந்தது. ஒபாமா, கேமரூன், சர்கோஸி மூவரும் சேர்ந்து எழுதிய அதில், கடாஃபியைப் பலவந்தமாக அகற்றுவது ஐ.நா. தங்களுக்குத் தந்த பணி அல்ல என்ற வரியும், கடாஃபி ஆட்சியில் இருக்கும் லிபியாவின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யவே முடியாது என்ற வரியும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டாவது வரியே நடைமுறையானது. பொதுமக்களைக் காக்கும் பணி, கடாஃபி இருக்கும்வரை முடியாத பணியாக மாற்றி வரையறுக்கப்பட்டது.

இதைப் பற்றி எந்தச் சபையும் முன்கூட்டி விவாதிக்கவில்லை. பிரிட்டனின் மக்களவை மார்ச் 21 அன்று 557-க்கு 13 என்ற வாக்குகளில் நடவடிக்கையை ஆதரித்தது. அப்போது குண்டுவீச்சு தொடங்கி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன, அமைச்சர்கள் கேட்டது பொதுமக்களைக் காக்கும் அனுமதியை. அமெரிக்காவில் நாடாளுமன்ற அனுமதியின்றிப் போரைத் தொடரச் சட்டம் தரும் அறுபது நாள் கெடு மே மாதத்தில் முடிந்தபோது, இது சட்டம் சொல்லும் பொருளில் 'பகைமை நடவடிக்கை' ஆகாது என்று அரசு விளக்கம் கொடுத்தது. ஜூன் 24-ல் பிரதிநிதிகள் சபை அனுமதித் தீர்மானத்தை 295-க்கு 123 என்ற வாக்குகளில் தோற்கடித்துவிட்டு, அதே நாளில் நிதியை வெட்டும் மசோதாவையும் தோற்கடித்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஜூலையில் நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்தது. அந்தச் சமயத்தில் பிரான்ஸ் நஃபூசா மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்கு வானிலிருந்து ஆயுதம் இறக்கியிருந்தது, கத்தார் தன் வீரர்களையே களத்தில் வைத்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் காலம் கடந்து கேட்டால் சபைகளுக்கு மிஞ்சுவது ஆமோதிப்பதும் முணுமுணுப்பதும்தான்.

பாதுகாப்பு கவுன்சிலின் கைகள் இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. கால வரம்பு இல்லாத அனுமதியை முடித்துவைக்கப் புதிய தீர்மானம் வேண்டும். புதிய தீர்மானத்தை நிரந்தர உறுப்பினர் ஐவரில் யாரும் வீட்டோ செய்யலாம். அதாவது, மார்ச் 17-ல் வீட்டோவைப் பயன்படுத்தாமல் விட்ட ரஷ்யாவும் சீனாவும், ஏப்ரலில் மனம் மாறினாலும், பிரான்ஸோ பிரிட்டனோ அமெரிக்காவோ சம்மதிக்காமல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. விளாதிமிர் புதின் சிலுவைப் போர் அழைப்பு என்று தீர்மானத்தைச் சாடியதும், அன்றைய அதிபர் மெத்வேதேவ் அந்தச் சொல்லைப் பகிரங்கமாகக் கண்டித்ததும் தலைப்புச் செய்திகளாயின. தீர்மானத்தின் வாசகத்தில் ஒரு தேதி இல்லை என்ற உண்மையான ஓட்டையை அந்தக் கூச்சல் மறைத்துவிட்டது.

தவெர்கா

நான்காம் பத்தி 'பொதுமக்கள்' என்று சொன்னதே தவிர, எந்தத் தரப்புப் பொதுமக்கள் என்று சொல்லவில்லை. மிஸ்ராதாவுக்குத் தெற்கே உள்ள தவெர்கா, பெரும்பாலும் கறுப்பின லிபியர்கள் வாழ்ந்த ஊர். முற்றுகையின்போது அரசுப் படைகள் அதைத் தளமாகப் பயன்படுத்தின; ஊர்க்காரர்கள் பலர் அவர்களோடு சேர்ந்து மிஸ்ராதாவில் கொடுமைகள் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆகஸ்டில் மிஸ்ராதாப் படையினர் அந்த ஊரைக் கைப்பற்றினார்கள். 30,000-க்கும் மேற்பட்ட மக்கள் ஒட்டுமொத்தமாகத் துரத்தப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன, தப்பியோடியவர்கள் பிற ஊர்களிலும் தேடிப் பிடிக்கப்பட்டார்கள். அப்போது நேட்டோ விமானங்கள் லிபியாவின் வானில்தான் இருந்தன. அந்த ஊருக்காக அவை எதுவும் செய்யவில்லை.

2012 மார்ச்சில் வெளியான ஐ.நா. விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த வழக்கைப் படிக்க விரும்புவோருக்கு மிகப் பயனுள்ளது, ஏனெனில் அது எந்தத் தரப்பின் கதைக்கும் முழுமையாக உதவாது. கடாஃபியின் படைகள் மானுடத்துக்கு எதிரான குற்றங்களைப் புரிந்தன என்று அது கண்டது. அவரை எதிர்த்தவர்களும் போர்க்குற்றங்களைச் செய்தார்கள் என்றும் தவெர்காவைக் குறிப்பிட்டுச் சொன்னது. நேட்டோ துல்லியமாகத் தாக்கியது, பொதுமக்கள் உயிரிழப்பைத் தவிர்க்க முயன்றது என்று ஒப்புக்கொண்ட அதே குழு, தான் ஆராய்ந்த தாக்குதல்களில் 60 பொதுமக்கள் இறந்ததையும் பதிவுசெய்தது. 26,500-க்கும் மேற்பட்ட பறத்தல்கள் நடந்த நடவடிக்கைக்கு அது சிறிய எண்தான். ஆனால் ஒரு தலையீட்டை அது வீசிய குண்டுகளின் துல்லியத்தை மட்டும் வைத்து அளந்தால், தவெர்கா கணக்கிலேயே வராது.

பின்விளைவு

ஆகஸ்ட் இறுதியில் திரிபோலி விழுந்தது. அக்டோபர் 20-ல் சிர்தேயிலிருந்து தப்பிய கடாஃபியின் வாகன வரிசை நேட்டோவால் தாக்கப்பட்டது. பிடிபட்ட அவர் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் பாதுகாப்பு கவுன்சில் 2016-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றி, அக்டோபர் 31 நள்ளிரவுக்கு முன் அனுமதியை முடித்தது. நேட்டோ ஆண்டிறுதிவரை இருக்கட்டும் என்று ஜலீல் கேட்டார், யாரும் செவிசாய்க்கவில்லை. வெற்றியின் வாசலில் வந்து சேர்ந்த இந்த அவசரம், ஏப்ரலில் காட்டிய நிதானமின்மைக்கு மறுபக்கம். ஆயுதம் ஏந்திய குழுக்களை ஒரே படையாக்கவோ கிடங்குகளைக் காக்கவோ எவரும் பொறுப்பேற்கவில்லை. காப்பாற்றப்பட்ட அதே பெங்காசியில் 2012 செப்டம்பரில் அமெரிக்கத் தூதர் கொல்லப்பட்டார். 2014-ல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. சிர்தே சில காலம் ஐ.எஸ். கையில் இருந்தது, 2019-20 போரில் துருக்கி ஒருபுறமும், ரஷ்யக் கூலிப்படையும் ஐக்கிய அரபு அமீரகமும் மறுபுறமும் நின்றன. அடுத்த நாளுக்குத் திட்டமிடாததே தமது பதவிக்காலத்தின் மிகப்பெரிய தவறாக இருக்கலாம் என்று ஒபாமா 2016-ல் ஒப்புக்கொண்டார், எனினும் தலையிட்டது சரிதான் என்றார்.

விலையின் பெரும்பகுதியை வேறு மக்கள் கொடுத்தார்கள். 2011 அக்டோபர் 4 அன்று சிரியா மீதான, படை அனுமதி எதுவும் இல்லாத ஒரு மென்மையான கண்டனத் தீர்மானத்தையே ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. லிபிய அனுபவத்தைத் தனியே பார்க்க முடியாது என்று ரஷ்யத் தூதர் விதாலி சூர்கின் காரணம் சொன்னார். தனது கூட்டாளியைக் காக்க மாஸ்கோவுக்கு இது வசதியான சாக்கு என்பதில் ஐயமில்லை. அந்தச் சாக்கை எடுத்துக்கொடுத்தவர்கள் யார் என்பதிலும் ஐயமில்லை.

2011 நவம்பரில் பிரேசில் ஒரு யோசனைக் குறிப்பை ஐ.நா.வில் வைத்தது. பிற நாட்டு மக்களைப் படுகொலையிலிருந்து பாதுகாக்கும் பொறுப்பை ஏற்பவர்கள், பாதுகாக்கும்போதும் பொறுப்புடன் நடக்க வேண்டும். படைபலத்துக்கான அனுமதி சொல்லிலும் காலத்திலும் வரம்புடையதாக இருக்க வேண்டும். அது எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கவுன்சில் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றது அது. மார்ச் 17-ல் ஒதுங்கி நின்ற ஐவரில், தன் ஆட்சேபத்தை ஒரு விதியாக எழுதிப் பார்த்தது பிரேசில் மட்டுமே. மேற்கு நாடுகள் அதைத் தலையீட்டுக்குப் போடப்படும் பூட்டாகப் பார்த்தன. ரஷ்யா அதை முன்னெடுக்க அவசரம் காட்டவில்லை. சில மாதங்களில் பிரேசிலும் ஓய்ந்துவிட்டது.

ஆயினும் கால வரம்பு என்ற கருத்துக்குப் பயன் வந்த இடம் மாலி. கடாஃபியின் படைகளில் இருந்த, சஹாராவின் துவாரெக் இன வீரர்கள் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்பித் தொடங்கிய கிளர்ச்சியை அடக்க முடியாத கோபத்தில், 2012 மார்ச்சில் மாலி ராணுவம் கவிழ்த்தது, சமரசத் திட்டத்துடன் திரிபோலிக்குப் போன அதே அமடூ துமானி தூரேயின் அரசை. அந்த ஆண்டு டிசம்பரில் மாலிக்கு ஆப்பிரிக்கப் படையை அனுப்ப அனுமதித்த 2085-ஆம் எண் தீர்மானத்தில், முதற்கட்டமாக ஓராண்டு மட்டும் என்ற வரி இருந்தது. அந்தப் படை திரளும் முன்பே, 2013 ஜனவரி 11 அன்று பிரான்ஸ் மாலி அரசின் அழைப்பின் பேரில் தன் துருப்புகளை இறக்கியது. அழைப்பில் வந்த படையை அந்த ஓராண்டு வரம்பு கட்டுப்படுத்தாது. மாலியிலிருந்து கடைசிப் பிரெஞ்சு வீரர்கள் வெளியேறியது 2022 ஆகஸ்ட் 15-ல்.